பின்பட்டை உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் கதி என்ன?

தோட்டத்து மக்களிடம் ‘பட்டை’ என்று சொன்னால் பால் மரத்துப் பட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். கத்தி ஓர் இழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மண்டோரிடம் ஏச்சு. நாம் அதை மறக்கவில்லை. ஆனால் இன்று பேசப்போவது வேறொரு பட்டை. லோரிக்கும் பிக்கப்புக்கும் பின்சக்கரத்துப் பக்கத்தில், மல்லாத்தி வைத்த வில்லைப்போல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கிறதே, அந்த இரும்புப் பட்டை. அதற்கும் காயம் உண்டு. அதன் காயத்துக்கு நாம் கொடுக்கும் விலை சில நேரம் மனித உயிர்.

“மோட்டார் விஷயம் நமக்கு எதற்கு? அது டிரைவர் பாடு, முதலாளி பாடு” என்று சிலர் நினைக்கலாம். பொறுங்கள். வண்டியை ஓட்டுகிறவன் முன்னால் கதவுக்குள்ளே, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பின்னால் திறந்த தட்டில் மண்வெட்டி, மருந்துத் தோம்பு இவற்றோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பது யார்? நீங்களும் நாமும்தானே!

அக்காள் மகன் சொன்ன கதை

நம் அக்காள் மகன் ஒருவன் ஜோகூரில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை பார்க்கிறான். ஒரு பிக்கப்பில் ஆறு தொழிலாளர்களையும் அவர்களுடைய சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வேலை இடத்துக்குப் போவதும் திரும்புவதும் அவன் பொறுப்பு. அந்த ஆறு பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பையன்கள். இரண்டு பேர் வங்காளதேசத்துக்காரர்கள்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் முகம் சரியில்லை. சோறு இறங்கவில்லை. என்னப்பா என்று கேட்டோம்.

“மாமா, வண்டி பின்னால இடது பக்கம் உட்கார்ந்துபோச்சு. ஆபீஸ்ல மூணு தடவ சொல்லிட்டேன். ‘இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அப்பப் பாத்துக்கலாம்’னு சொல்றாங்க. போன வியாழக்கிழமை மழை. வளைவுல லேசாத்தான் பிரேக் வச்சேன். பின்பக்கம் அப்படியே வழுக்கிப் போயிருச்சு. பின்னால இருந்த பசங்க ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்தானுங்க. ஒருத்தனுக்குக் கை வீங்கிப்போச்சு. எதிர்ல வண்டி ஏதும் வரல. வந்திருந்தா?”

அந்த ‘வந்திருந்தா’வுக்கு நம்மிடம் பதில் இல்லை.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லோரி ஒன்று, ஓரத்தில் நின்றிருந்த டிப்பர் லோரியில் மோதியது. பின்னால் இருந்தவர்களில் இருவர் உயிர் இழந்தார்கள். அது பட்டையினால் நேர்ந்த விபத்து அன்று. ஆனால் எந்தக் காரணத்தினால் நேர்ந்தாலும் தட்டில் இருப்பவனுக்குத்தான் முதல் அடி என்பதை அது காட்டியது. 2010ஆம் ஆண்டு நடந்த ஒரு விபத்தில் தொழிலாளர்கள் இறந்த பிறகே, ஆள் ஏற்றும் லோரிகளுக்கு மேற்கூரையும் உயரமான பக்கக் கம்பிகளும் 2011இல் அங்கே கட்டாயமாயின. கூரையும் கம்பியும் நல்லவைதாம். ஆனால் கூரைக்குக் கீழே தட்டு, தட்டுக்குக் கீழே சேசிஸ், சேசிஸுக்குக் கீழே பட்டை! அடியில் இருப்பதை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

மருமகனிடம் நாம் ஒன்றுதான் சொன்னோம்: “வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடு. படம் எடுத்து வை. சரி செய்யும்வரை சாமான் ஏற்றுகிறேன், ஆள் ஏற்றமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்.”

சொன்னான். இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார்களாம். மூன்றாம் நாள், “சரி, பட்டை என்ன விலைன்னு விசாரிச்சிட்டு வா” என்று அனுமதி கிடைத்தது. இப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாமும் அவனோடு ஜாலான் புசாருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மாட்டு வண்டி போன வழியில்

ஜாலான் புசார் என்றால் மலாயில் ‘பெரிய சாலை’. இப்போதுள்ள சிங்கப்பூர்ச் சாலைகளைப் பார்த்தவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஒருகாலத்தில் சதுப்பாகக் கிடந்த இடத்தில் போட்ட சாலை அது. ஒரு பக்கம் சிராங்கூன் சாலை, தேக்கா, முஸ்தபா கடை என்று நம்மவர் நடமாட்டம். மறு பக்கம் பழைய கடைவீடுகள், காப்பிக் கடைகள், இரும்புச் சாமான் கடைகள்.

அந்த வட்டாரத்துத் தெருப் பெயர்களைக் கேட்டாலே நமக்கு ஊர் நினைப்பு வரும். லெம்பு ரோடு என்றால் மாட்டுச் சாலை. கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு இரண்டும் எருமைச் சாலைகள். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். மாட்டு வியாபாரமும் மாட்டு வண்டியும் பிழைப்பாக இருந்த காலத்தில் வைத்த பெயர்கள் அவை. அந்த வண்டிகளை ஓட்டிப் பிழைத்தவர்களில் நம்மவரும் உண்டு.

மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நம் தாத்தாமார் ஊரில் பணக்காரர் வீட்டு ‘வில் வண்டி’யைப் பார்த்திருப்பார்கள். பார வண்டியில் ஏறினால் எலும்பு கழன்றுவிடும். வில் வண்டியில் ஏறினால் தொட்டிலில் ஆடுவதுபோல் இருக்கும். காரணம், கூண்டுக்கும் அச்சுக்கும் நடுவே இருந்த பட்டை வில். ஐரோப்பாவில் குதிரை வண்டிகளில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய அதே வில்தான் மோட்டார் வந்த பிறகு அதன் அடியிலும் போய்ப் படுத்துக்கொண்டது. இத்தனை காலம் ஆகியும் பாரம் சுமக்கிற வண்டிகள் பெரும்பாலும் அதை விடவில்லை. சொகுசுக் கார்களுக்குச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. பிக்கப்புக்குப் பின்னால் இன்னும் பெரும்பாலும் பட்டைதான்.

2017ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்த ஜாலான் புசார் ரயில் நிலையம் சுங்கை ரோட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 10ஆம் தேதியோடு சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தை மூடப்பட்டது. ‘திருட்டுச் சந்தை’ என்று பெயர் வாங்கிய அந்த இடத்தில், தரையில் துணியை விரித்துத் திருகாணியிலிருந்து கடிகாரம் வரை பரப்பி விற்பார்கள். மோட்டார்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் போன்ற தொழிற்பேட்டைகளில் இருக்கின்றன. ஆனாலும் ஜாலான் புசாரின் பக்கச் சந்துகளில், தலை நரைத்த தவுக்கேமார் சிலர் இரும்பு வாசனைக்கு நடுவே இன்னமும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒற்றைப் பட்டை விற்காத தவுக்கே

அப்படி ஒரு கடையில் நுழைந்தோம். சீனப் பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும். மருமகன் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டி, “இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு செட் வேணும் அங்கிள்” என்றான்.

பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மலாயில், “சத்து தாபோலே. துவா” என்றார். ஒன்று முடியாது, இரண்டு!

வியாபார தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் நம் முகத்தைப் படித்துவிட்டார். மேசை அடியிலிருந்து இரண்டு மரச் சட்டங்களை எடுத்தார். ஒன்று புதிது, ஒன்று நைந்தது. இரண்டின் மேலும் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து அழுத்திக் காட்டினார். நைந்த பக்கம் சாய்ந்தது. ஒரு பக்கம் புதுப் பட்டையும் மறு பக்கம் பழைய பட்டையும் போட்டால் வண்டி என்றைக்கும் நொண்டிதான் என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை, பலகையே சொல்லிவிட்டது.

அதன் பிறகு நாலு கேள்வி கேட்டார். பட்டை எத்தனை? அகலம் எவ்வளவு, கனம் எவ்வளவு? நடு போல்ட்டிலிருந்து முன் கண்ணுக்கு எத்தனை அங்குலம், பின் கண்ணுக்கு எத்தனை? வண்டி பெரும்பாலும் என்ன பாரம் ஏற்றும்? மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். பல வண்டிகளில் முன்பாதி நீளமும் பின்பாதி நீளமும் ஒன்றாக இருக்காது. தெரியாமல் திருப்பிப் போட்டால் அச்சே இடம் மாறிவிடும்.

மருமகனுக்குப் பாதிதான் தெரிந்தது. “போய் அளந்துகிட்டு வா” என்று அனுப்பிவிட்டார் பெரியவர். வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்பின கடைக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தோம். கடைசியில் நம்மைப் பார்த்து, “உன் ஊர் வண்டிக்கு என்றால் இங்கே வாங்காதே. அந்தப் பக்கம் வாங்கு, இந்தப் பணத்தை மாற்றினால் உனக்குத்தான் நட்டம்” என்று சிரித்தார்.

காண்டாக் கம்பும் பட்டையும்

பட்டை எப்படி வேலை செய்கிறது? பால் வாளி சுமந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வாளி தொங்க, தோளில் காண்டாக் கம்பு. நல்ல கம்பு ஒவ்வோர் எட்டுக்கும் வளைந்து நிமிரும். தோள் வலிக்காது, பால் சிந்தாது. வளையாத கட்டையைத் தோளில் வைத்தால் தோல் உரியும். வெட்டி வெகுநாளாகி உயிர் போன கம்பு வளைந்தது வளைந்தபடியே நிற்கும். ஒருநாள் ‘மடார்’ என்று ஒடியும். பட்டைக்கும் இந்த மூன்று குணமும் உண்டு.

வளைவு பாரத்துக்குத் தக்கபடி கூடும் என்பதை 1678இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் அச்சில் சொன்னார். பாரம் இரண்டு மடங்கானால் வளைவும் இரண்டு மடங்கு. ஆனால் எல்லை தாண்டினால் இரும்பு பழைய நிலைக்குத் திரும்பாது.

ஒரே கனமான பட்டை போடாமல் ஏன் பல பட்டைகளை அடுக்குகிறார்கள்? கனம்தான் விஷயம். பட்டையின் கனத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாது, 8 மடங்கு ஆகிவிடும். அது கம்பு ஆகாது, கட்டை ஆகிவிடும். மெல்லிய பட்டைகளாக அடுக்கினால் வளையவும் வளையும், பாரமும் தாங்கும். ஒன்றோடொன்று உராய்வதால் வண்டியின் துள்ளலும் சற்று அடங்கும். பல வண்டிகளில் எல்லாவற்றுக்கும் அடியில் நேராக ஒரு தடித்த பட்டை இருக்கும். வெறும் வண்டியில் அது சும்மா இருக்கும். பாரம் ஏறி மேல்பட்டைகள் தாழ்ந்த பிறகுதான் அது தோள் கொடுக்கும்.

இதெல்லாம் கெடுவது எப்படி? ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிறதல்லவா? அதே கதைதான். குண்டும் குழியுமான சடக்கில் ஒவ்வொரு குழியும் ஒரு மடக்கு. அதோடு மழை, சேறு, உரத்து உப்பு எல்லாம் பட்டைகளின் இடுக்கில் புகுந்து துருவாகும். துரு தின்ற சின்னப் புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பும். நடு போல்ட் துளை இருக்கும் இடம் அதிலும் பலவீனம். நடு போல்ட் அறுந்தால் அச்சு தன் இடத்தைவிட்டு நகரும். வண்டி நேராகப் போகாமல் நண்டுபோல் சற்றுக் குறுக்காக ஓடும்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும், விளக்கு வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கும். பாரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அதன் முனையில் இருக்கிறது. பட்டை தானாகவே தாழ்ந்துபோனால், ‘ஓகோ, நிறையப் பாரம் இருக்கிறது’ என்று அந்த வால்வு ஏமாந்து பின்பிரேக்கை அதிகமாகப் பிடிக்கும். மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். மருமகன் வண்டியிலும் அந்தக் கம்பி இருந்தது. வியாழக்கிழமை வளைவில் நடந்தது என்ன என்பது நமக்கு அப்போதுதான் விளங்கியது.

பட்டறையில் பார்த்தது

அளவெடுத்துக்கொண்டு போய் இரண்டு பக்கத்துக்கும் பட்டை வாங்கியாயிற்று. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை. மெக்கானிக் நம்மூர்க்காரர், “அண்ணே, இப்படி நிழலுக்கு வாங்க” என்று நாற்காலி போட்டார். அவர் செய்த வேலையைப் பார்த்தபடியே எழுதுகிறோம். வேலை தெரியாதவர் தனியாக முயல வேண்டாம். ஆனால் சரியாகச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க இது உதவும்.

முதல் நாளே துருப்பிடித்த நட்டுகளில் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தார். சமதரையில் நிறுத்தி முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். பின்பக்கத்தை ஜேக் வைத்துத் தூக்கி, சேசிஸுக்குக் கீழே இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார். ஜேக்கை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டவில்லை. “ஜேக் தூக்கத்தான்ணே, தாங்குறதுக்கு இல்ல” என்றார். இந்த ஒரு வரியை எழுதி லயத்துச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

பிறகு இன்னொரு ஜேக்கால் அச்சைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். அச்சு தொங்கினால் பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துவிடும். அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றினார். அச்சைப் பட்டையோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றினார். முன் கண்ணில் உள்ள போல்ட்டையும் பின்னால் ஊஞ்சல்போல் ஆடும் ஷேக்கிளையும் எடுத்ததும் பட்டைக்கட்டு கைக்கு வந்தது. தட்டியபோது துரு பொரிபொரியாய் உதிர்ந்தது. இரண்டாவது பட்டையில் நடுத்துளையை ஒட்டி முடிபோல ஒரு கோடு. மருமகன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். பேசவில்லை.

புதுப் பட்டை ஏற்றும்போது மூன்று விஷயங்களில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலாவது, யூ போல்ட் புதிது. ஒருமுறை முறுக்கி இழுபட்ட யூ போல்ட் மறுமுறை அதே பிடி பிடிக்காது. பட்டைக்குச் செலவழித்துவிட்டு அதில் மிச்சம் பிடிப்பது, கலியாணம் செய்துவிட்டுத் தாலிக் கயிற்றுக்குக் கணக்குப் பார்ப்பது போல.

இரண்டாவது, நடு போல்ட்டின் தலை அச்சுமேல் இருக்கும் குழியில் சரியாக உட்கார வேண்டும். பிறகு யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்குவது என்பதற்கு வண்டிப் புத்தகத்தில் கணக்கு உண்டு. அதற்கென்று அளவுகாட்டும் ஸ்பேனர் உண்டு. ‘கை சொல்லும்’ என்பது கதை.

மூன்றாவது, ரப்பர் புஷ் இருக்கும் கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்கக்கூடாது. சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ரப்பரின் அருமை ரப்பர்த் தோட்டத்தாருக்குத் தெரியாதா?

அப்சார்பர்கள் எண்ணெய் கசிந்திருந்ததால் அவற்றையும் சோடியாக மாற்றினார். பட்டை பாரத்தைத் தாங்கும். துள்ளலை அடக்குவது அப்சார்பர். பிரேக் வால்வுக் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்தார். விளக்கின் வெளிச்சத்தையும் சரிபார்த்தார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வரவேண்டும் என்று தேதி குறித்துக்கொடுத்தார்.

மருமகன் ஆசை ஆசையாகக் கேட்டான்: “அண்ணே, எதுக்கும் இருக்கட்டும்னு லோரிப் பட்டை ஒண்ணு கூடச் சேர்த்துப் போடலாமா?” மெக்கானிக் தலையை ஆட்டினார். பட்டை மட்டும் பலமானால் பிரேக், டயர், அச்சு எல்லாம் பலமாகிவிடுமா? வெறும் வண்டி குதிக்கும், சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், வளைவில் வழுக்கும். அதேபோல, பழைய பட்டையைக் காஸ் நெருப்பில் காய்ச்சி வளைப்பதும், விரிசலில் ஒட்டுப் போடுவதும் கூடாது. ஸ்பிரிங் இரும்பைச் சூடேற்றி எண்ணெயில் முக்கி, மறுபடி பக்குவமாகச் சூடு காட்டித்தான் உறுதி ஏற்றுகிறார்கள். பட்டறை நெருப்பு பட்டதும் அந்த உறுதி போய்விடும்.

எல்லாம் முடிந்ததும், நாம் பின்னால் ஏறி உட்கார்ந்து பார்க்கிறோம் என்றோம். மருமகன் விடவில்லை. “வேலை ஆளுங்களத் தவிர யாரும் பின்னால ஏறக்கூடாது மாமா, சட்டம். முன்னால வாங்க” என்றான். வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால் பிறகு யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. நமக்கு ஆபத்து என்று விலக்கிய இடத்தில் தொழிலாளிக்கு மட்டும் அனுமதி!

அடுத்த வாரம் கேட்டோம், வண்டி எப்படி என்று. “பசங்க வேலை விட்டுத் திரும்புறப்பத் தூங்குறானுங்க மாமா. முன்னெல்லாம் கம்பியைப் பிடிச்சிக்கிட்டே வருவானுங்க” என்றான். நாம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை, இது போதும்.

தோட்டத்தில் நாம் செய்யக்கூடியது

சிங்கப்பூரில் 10 ஆண்டுக்குட்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு 6 மாதத்துக்கு ஒருமுறையும் சோதனை உண்டு. சோதனைக்கும் சோதனைக்கும் நடுவே எத்தனை காலைப் பொழுதுகள்! தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டியை யார் சோதிக்கிறார்கள்? நாம்தான் பார்க்க வேண்டும். பிரட்டு முடிந்து வண்டி ஏறுமுன் ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று: சமதரையில் வெறும் வண்டியைப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? நூல் வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். டயர்க் காற்று சமமாக இருக்கட்டும். ஓர் அங்குலம் வித்தியாசம் என்றால் சொல்லவேண்டிய நேரம்.

இரண்டு: குனிந்து பட்டையைப் பாருங்கள். வெறும் வண்டியிலேயே வளைவு போய்த் தட்டையாகிவிட்டதா? பட்டைகளுக்கு நடுவே இடைவெளியா? ஒரு பட்டை பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறதா? யூ போல்ட் அருகே புதிதாகத் துருப்பொடி தெரிகிறதா?

மூன்று: ஓடும்போது காது கொடுங்கள். சின்னக் குழியில்கூட ‘டொக்’ என்று அடித்தால் அச்சு மேலே போய் இடிக்கிறது என்று பொருள்.

நான்கு: பாரத்தைப் பின்சக்கரத்துக்கு முன்னே வைத்துக் கட்டுங்கள். வால் பக்கம் குவித்தால் முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். ஆளும் உரமூட்டையும் ஒன்றாக ஏறக்கூடாது. நின்றுகொண்டு பயணம் செய்வது வேண்டவே வேண்டாம்.

குறை கண்டால் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்திருக்கின்றன. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை அதில் இருக்கிறது. அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. இது சண்டை போடுவதற்கான சீட்டு அன்று. உயிரோடு வீடு திரும்புவதற்கான சீட்டு. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நிர்வாகத்தாருக்கும் ஒரு சொல். மரத்துப் பட்டையில் காயம் பட்டால் பால் குறையும் என்று தினமும் பார்க்கிறீர்கள். வண்டிப் பட்டையையும் மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு சோடிப் பட்டையின் விலை, ஒருவர் கை ஒடிந்து கிடக்கும் நாட்களின் விலையைவிட அதிகமாக இருக்காது.

அந்தத் தவுக்கே கடையை விட்டு நாம் கிளம்பியபோது, “பின்னால் எத்தனை பேர் உட்காருகிறார்கள்?” என்று அவர் மருமகனைக் கேட்டார். “ஆறு பேர்” என்றான். பெரியவர் அதைத் துண்டுச் சீட்டில், பாரத்தின் அளவு எழுதும் இடத்தில் எழுதிக்கொண்டார்.

உங்கள் தோட்டத்து வண்டியில் எத்தனை பேர்? நாளைக் காலை ஏறுமுன் ஒரு தரம் குனிந்து பாருங்களேன்!